டிக்கிக்குக் குடிபோன பேட்டரி

எங்கள் காரைப் புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் அதன் பச்சை நிறத்தைத்தான் விசாரிப்பார்கள். பாசியா, கிளியா, வேப்பிலையா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு வண்டியின் வெளிப்பக்கத்தில் அவ்வளவு அக்கறை கிடையாது. போடியில் கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் சீட் கவர் தைப்பது என் தொழில். ஓட்டத் தெரியாதே தவிர, எந்த வண்டியாக இருந்தாலும் சீட்டைக் கழற்றி, விரிப்பைச் சுருட்டி, அதன் வயிற்றுக்குள் எது எங்கே ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளின் சீட்டுக்கு அடியில் கிடக்கும் ஏலக்காயைச் சேர்த்து வைத்தாலே எங்கள் வீட்டுப் பாயசத்துக்கு வருஷம் முழுக்கக் காணும்.

என் வீட்டுக்காரருக்கு ஏலக்காய்க் கமிஷன் கடையில் தரம் பார்க்கும் வேலை. காயை உள்ளங்கையில் உருட்டி, ஒரு தடவை மோந்து பார்த்து, எந்தப் பக்கத்து மலைக்காய், காயவைத்தபோது சூடு கூடிவிட்டதா என்பது வரைக்கும் சொல்வார். அப்படிப்பட்ட மூக்குக்காரர், கார் வாங்கப் போனபோது மட்டும் அந்த மூக்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். வண்டியை முன்னால் வைத்திருந்தவர் அதன் பழைய பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு ஒரு பெரிய டீசல் என்ஜினை ஏற்றியிருந்தார். பானட்டைத் திறந்தால் திருவிழாக் கூட்டம். பேட்டரிக்கு இடமே இல்லாமல், புகை போகும் குழாயை ஒட்டிய மூலையில் அதைச் சொருகி வைத்திருந்தார்கள்.

கீழே சமவெளியில் இருக்கும் தேவாரத்துக்கும் ராசிங்காபுரத்துக்கும் போய்வரும் வரைக்கும் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. மலை ஏறும்போதுதான் வினை. கொண்டை ஊசி வளைவுகளில் என்ஜின் திணறத் திணற அந்தக் குழாய் பழுக்கக் காயும், பக்கத்தில் இருக்கும் பேட்டரி கொதிக்கும். எங்கேயாவது நிறுத்தினால் போச்சு, திரும்பக் கிளம்பாது. இறங்கித் தள்ள வேண்டியதுதான். மேட்டில் எப்படித் தள்ளுவது? பின்னால் பள்ளத்தில் உருளவிட்டுத்தான் உசுப்ப வேண்டும். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

அந்தக் குழாய்ச் சூடுதான் என் வீட்டுக்காரருக்கு ஒரு பெரிய மனக்குறையைக் கொண்டுவந்தது. அவருக்கு ஒரே தங்கை. கேரள எல்லையான போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறைக்குப் போகிற வழியில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் அவள் புருஷன் சூப்பர்வைசர். அவளுடைய மூத்த பெண்ணுக்குக் காதுகுத்து வைத்தபோது நாங்கள் சீர்த்தட்டுகளோடு இந்தக் காரில்தான் கிளம்பினோம். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அவன் கொண்டுபோகும் தோடுதான் முதல் தோடு. பாதி மலையில், ஒரு லாரிக்கு வழிவிட நிறுத்தினோம். வண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. அந்த வளைவில் போனிலும் சிக்னல் இல்லை. எப்படியோ போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடியில் உட்கார வைத்துக் குத்தி முடித்திருந்தார்கள். பிள்ளை காதில் வேறு தோட்டோடு லட்டு தின்றுகொண்டிருந்தது. தங்கை, மலைக்குப் போனதிலிருந்து ஒட்டிக்கொண்ட மலையாளத்தில், பரவாயில்லை என்கிற அர்த்தத்தில், "கொழப்பமில்லண்ணே" என்றாள். இவர் சிரித்தார். அப்புறம் வீட்டுக்குப் பின்னால் குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சண்டை போட ஒரு ஆள் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

போன வருஷம் இரண்டாவது பெண்ணுக்குக் காதுகுத்து என்று தங்கை போன் செய்தாள். இந்தத் தடவை ஜீப்பு பிடித்தாவது வெள்ளனவே வந்துவிடச் சொன்னாள். நானும் ஜீப்பு என்றுதான் நினைத்தேன். கிளம்ப மாட்டேன் என்கிற காரை வைத்துக்கொண்டு ரோஷம் எதற்கு? ஆனால் அடுத்ததாகப் போனை வாங்கிய அவள் புருஷன், மைத்துனனைக் கேலி செய்யும் முறை தனக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "பச்ச வண்டி கெளம்புறப்ப ஒரு போன் போடுங்க மச்சான். தள்ளுறதுக்கு நாலு ஆள அனுப்பி வைக்கிறேன்" என்றார். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. காரில்தான் வருவோம், தள்ள யாரும் வேண்டாம், பந்தியில் பரிமாற ஆள் வையுங்கள் என்று நான் பதில் சொன்னேன். போனை வைத்த பிறகு இவர் என்னைப் பார்த்த பார்வையில் பாதி சந்தோஷம், பாதி பயம்.

என் கடைக்கு அடுத்த கடை ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனுடையது. அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது நாங்கள் வாக்குவாதம் செய்யாவிட்டால் இரண்டு கடையிலும் வியாபாரம் நடக்காது. அவர் பானட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, பேட்டரியைக் குழாய்ச் சூட்டிலிருந்து தப்பவைக்க ஒரே வழிதான் என்றார்.

"டிக்கிக்குக் கொண்டு போயிரு தங்கச்சி. அங்கிட்டு சூடே கெடையாது. நிம்மதியாக் கெடக்கும்."

சொல்வது சுலபம். பேட்டரி பின்னால் போனால், முன்னால் இருக்கும் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் வண்டியின் நீளம் முழுக்க நடந்து வரவேண்டும். டீசல் என்ஜினைச் சுற்ற நிறைய கரண்ட் வேண்டும். ஒயர் ஒல்லியாக இருந்தால் பாதித் தெம்பு வழியிலேயே போய்விடும். அதனால் வெல்டிங் வைக்கிறவர்கள் பயன்படுத்தும் தடித்த கேபிளாக வாங்க வேண்டும் என்றார் அண்ணன். அது பெருவிரல் தடிமனில், மலைப்பாம்புக் குட்டியைப் போல வந்து இறங்கியது. அதை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதில்தான் எங்கள் அன்றைய வாக்குவாதம்.

அவர் வண்டிக்கு அடியில், தரையை ஒட்டிக் கட்டிக்கொண்டு போகலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடியில் மலை ரோட்டுக் கல் தெறிக்கும், மழைத்தண்ணீர் அடிக்கும், எந்தக் குழாய்க்குப் பயந்து ஓடுகிறோமோ அதே குழாய்தான் அடியிலும் பின்பக்கம் வரைக்கும் போகிறது. உள்ளே கொண்டுபோனால் காலில் மிதிபட்டுக் கிழியாதா என்று அவர் கேட்டார். நான் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, நாம் கால் வைத்து ஏறும் இடத்தில் பதித்திருக்கும் தகட்டைக் கழற்றிக் காட்டினேன். அதற்குக் கீழே ஒரு வாய்க்கால் இருக்கிறது. பின்விளக்குக்குப் போகும் ஒயர் அதற்குள்தான் போகிறது. நீளத்துக்கு மறைவு, ஒருவர் காலும் படாது, புகைக்குழாயோ அந்தப் பக்கம். அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். பேட்டரியை ஒட்டியே ஒரு பெரிய ஃபியூஸ் வைக்க வேண்டும், கேபிள் எங்கேயாவது உரசித் தோல் கிழிந்து இரும்பில் பட்டால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களோடு வண்டி எரிந்துபோகும், ஃபியூஸ் இல்லாவிட்டால் தான் கையே வைக்க முடியாது என்றார். அதை உடனே ஒத்துக்கொண்டேன். அவர் சொல்வது சரி.

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பாதி சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினோம். சீட்டுகளைக் கழற்றி வெளியே வைத்தேன். விரிப்பைச் சுருட்டியபோது, காய்ந்த ஏலக்காய்களுக்கு நடுவில் ஒரு கொட்டைப்பாக்கு கிடந்தது. மூத்தவள் காதுகுத்துக்குக் கொண்டுபோன சீர்த்தட்டிலிருந்து உருண்டது. என் வீட்டுக்காரர் அதை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் பார்க்காததைப் போல முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

என்ஜினுக்கும் நம் காலுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் ஏற்கெனவே ஓர் ஓட்டை இருந்தது. அதன் ஓரம் பிளேடு மாதிரி இருந்தது. தண்ணீர்க் குழாயின் ரப்பரைக் கீறி அந்த ஓரத்தைச் சுற்றிப் பொருத்தினேன். அப்புறம் எனக்கு ஓர் ஆசை வந்தது. ஜீப்பு ஒன்றுக்குத் தைத்த சிவப்பு ரெக்சின் மிச்சம் இருந்தது. கேபிளின் நீளத்துக்கு ஓர் உறை தைத்து, இரட்டைத் தையல் போட்டு, அதை உள்ளே நுழைத்தேன். கேபிளுக்குச் சட்டை தைத்துப் போட்ட முதல் ஆள் உலகத்திலேயே நான்தான் என்றார் அண்ணன். ப்ளஸ் என்றால் சிவப்புத்தானே, முறைப்படிதான் செய்கிறேன் என்றேன். உள்ளே ஒளிந்து கிடக்கப்போகிற பொருளுக்கு எதற்கு இரட்டைத் தையல் என்று கேட்காதீர்கள். அது இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அது போதும்.

நான் முன்னாலிருந்து தள்ள, இவர் பின்னாலிருந்து இழுத்தார். வாய்க்காலுக்குள் கேபிள் நகர நகர, "வருது, வருது, ஏ புள்ள, தல தெரியுது" என்று டிக்கிக்குள்ளிருந்து அவர் போட்ட சத்தத்தில் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். பின் சீட்டுக்கு அடியில் வளைந்து சிவப்புத் தலையோடு அது எட்டிப் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணன் பேட்டரியை ஒரு பெட்டிக்குள் வைத்து வார்ப்பட்டையால் இறுக்கினார். அதிலிருந்து வரும் வாயு டிக்கிக்குள் தங்காமல் வெளியேற ஒரு சின்னக் குழாயும் வைத்தார்.

மிச்சம் இருந்தது மைனஸ். அது முன்னால் வரைக்கும் நடக்க வேண்டியதில்லை, வண்டியின் இரும்பு உடம்பே அதற்கு ஒயர். பேட்டரியிலிருந்து ஒரு சாண் கேபிளை டிக்கியின் தகட்டில் போல்ட் போட்டு முடுக்கினால் போதும். அந்த இடத்தில் அண்ணன் பச்சைப் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, வெள்ளிக் காசைப் போல ஒரு வட்டம் எடுத்தார்.

"இரும்ப இரும்பு தொடணும். நடுவுல ஒண்ணும் இருக்கப்படாது" என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்.

சாவியைத் திருப்பியதும் என்ஜின் அப்படி ஒரு உறுமலோடு எழுந்தது. அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி அணைத்து, இவர் விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி ஆகிவிட்டார். டீக்கடையிலிருந்து வந்தவர்களும் ஆளுக்கொரு தடவை சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

காதுகுத்துக்கு முதல் நாள் சாயங்காலம், டிக்கிக்காக நான் தைத்த விரிப்பு முடிந்தது. அதை விரிக்க, மைனஸ் போல்ட்டை ஒரு தடவை கழற்றி மாட்ட வேண்டும். நான் சீர்த்தட்டுகளில் மும்முரமாக இருந்தேன். விரித்துவிட்டு இறுக்கி முடுக்குங்கள் என்று இவரிடம் சொன்னேன். அவர் அப்போதுதான் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் சந்தனத்தோடு வந்திருந்தார். நல்லபடியாக முடுக்கிவிட்டு வந்து கை கழுவினார்.

காலையில் பழக்குலை, தேங்காய், பட்டுப்பாவாடை, தோட்டுப் பெட்டி எல்லாம் பின்சீட்டில் ஏறின. டிக்கியில்தான் பேட்டரி குடியிருக்கிறதே. இவர் சாமியைக் கும்பிட்டுச் சாவியைத் திருப்பினார். டிக் என்றது. திரும்பவும் திருப்பினார். டிக். அவ்வளவுதான்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் வண்டியையே ஓர் உதை விட்டேன். கால்தான் வலித்தது. என் கேபிள்தான் எங்கேயோ போய்விட்டது என்று தோன்றியது. பட்டுச்சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, காரின் வாசல் தகட்டைக் கழற்றி, என் இரட்டைத் தையலை நானே பிரித்துப் பார்த்தேன். கேபிளில் ஒரு கீறல் இல்லை. அண்ணன் குரங்கணிக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். போன் செய்தேன். என் சத்தம் அடங்கும் வரைக்கும் பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"மாப்ளய விடாம ஸ்டார்ட்டு அடிக்கச் சொல்லு. நீ ஒவ்வொரு முடிச்சாத் தொட்டுப் பாரு. எந்த எடம் சுடுதோ அந்த எடந்தான்."

இவர் சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். நான் முன்னால் தொட்டேன், குளிர்ச்சி. ஃபியூஸைத் தொட்டேன், குளிர்ச்சி. அதற்குள் இவர் சாவியை விட்டுவிட்டு இறங்கி வந்து, டிக்கிக்குள் தலையை நீட்டி மூக்கை உறிஞ்சினார். காய் மோந்து பார்க்கும்போது வரும் அதே முகம். "சந்தனம் காயுற வாசம் வருது" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. முகம் மெல்ல மெல்ல மாறியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மைனஸ் போல்ட்டைத் தொட்டேன். சுட்டது.

"நெத்தி மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு" என்றார் இவர். "நல்ல காரியத்துக்குப் போறோமேன்னு ஒரு பொட்டு வச்சேன்."

போல்ட்டைக் கழற்றினால், அண்ணன் அரும்பாடுபட்டுத் தேய்த்த வெள்ளி வட்டத்தில் சந்தனம், அதற்கு மேல் குங்குமம், ராத்திரியோடு காய்ந்து ஓடாகி இருந்தது. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் பக்தி. என்னென்னவோ திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சிரிப்புத்தான் வந்தது. நடுத்தெருவில் பட்டுச்சேலையோடு டிக்கியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். இவர் முதலில் முழித்தார், அப்புறம் அவரும் சிரித்தார். உப்புத்தாளை எடுத்துத் தேய்த்து, துடைத்து, போல்ட்டை நானே முடுக்கினேன். முதல் திருப்பிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. பிரித்த தையலுக்கு நேரம் இல்லை. கேபிளைச் சட்டை கிழிந்த கோலத்திலேயே மூடிவிட்டுக் கிளம்பினோம்.

அடிவாரத்தில் இருக்கும் முந்தலைத் தாண்டி மலை ஏறத் தொடங்கினோம். வளைவுக்கு வளைவு என்ஜின் முனகியது. ஜீப்புகள் எங்களை முந்திக்கொண்டு போயின. அன்றைக்கு உட்கார்ந்துவிட்ட அந்த வளைவும் வந்தது, போனது. போடிமெட்டில் செக்போஸ்டுக்கு முன்னால் வண்டிகள் வரிசையில் நின்றன. இவர் என்ஜினை அணைக்காமல் உறுமவிட்டுக்கொண்டே இருந்தார். நான் கை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டேன். உயிரை எடுத்த மாதிரி என்னைப் பார்த்தார். பனி மூடிய அந்த மேட்டில், பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, எனக்கும் பயம்தான். ஆனால் இவ்வளவு பாடுபட்டது எதற்கு? போடுங்கள் என்றேன். போட்டார். பிடித்துக்கொண்டது. அவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே எஸ்டேட் வரைக்கும் ஓட்டினார்.

ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோருக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். வண்டியின் சத்தம் கேட்டுத் தங்கையின் புருஷன் ஓடிவந்து, வேண்டுமென்றே பின்னால் போய்த் தள்ளுவதற்குக் கை வைத்தார். அவரிடம் டிக்கியைத் திறந்து காட்டினேன். உள்ளே பேட்டரியைப் பார்த்ததும், இதென்ன சீரா என்று கேட்டார். ஆமாம், பெரிய சீர் என்றேன்.

நல்ல நேரம் இருக்கும்போதே சின்னவளை இவர் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை வீறிட்டது, இவர் அதைவிட அதிகமாகக் கண்ணைத் துடைத்தார். தோடு ஏறியது. எல்லோரும் எழுந்திருக்கப் போகும் நேரம், இப்போது பள்ளிக்கூடம் போகிற மூத்தவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, இவருடைய இன்னொரு தொடையில் ஏறி உட்கார்ந்தாள்.

"மாமா மடில எனக்குக் குத்தவே இல்லல்ல. எனக்கும் குத்துங்க" என்றாள்.

குத்திய காதில் திரும்ப எப்படிக் குத்துவது என்று ஆசாரி சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள். எனக்கு அந்தப் பெட்டியைத் தெரியும். முதல் காதுகுத்துக்கு நாங்கள் தாமதமாகக் கொண்டுவந்த தோடு. அது என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்டதே இல்லை.

"இவ காதுல இன்னும் ஏத்தலண்ணே" என்றாள். "நீ மடியில வச்சு சபையில போடணும்னு எடுத்து வச்சிருந்தேன்."

மூத்தவளின் பழைய தோட்டை ஆசாரி கழற்றினார். குத்துவதற்கு முன்னால் காதில் சந்தனம் வைப்பதுதானே முறை, எனக்கும் வைக்க வேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். யாரோ சந்தனக் கிண்ணத்தை இவர் பக்கம் நகர்த்தினார்கள். இவர் விரலைக் கிண்ணத்துக்குக் கொண்டுபோனவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வைங்க" என்றேன். "இங்க எம்புட்டு வேணும்னாலும் வைங்க."